கடற்கரைக்கு ஒரு அடங்கல்: கரையை எப்படி அளக்காங்க, எதுக்கு அளக்காங்க

மாசத்துக்கு ரெண்டு தடவ, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்து விழுந்துரும். திருச்செந்தூர்ல கடல் 100 அடி உள்வாங்கிருச்சு, பாறையெல்லாம் பச்சைப் பாசியோட வெளிய தெரியுது, சனம் மேல ஏறி நின்னு செல்ஃபி எடுக்கு. உடனே ஒருத்தர் சுனாமிக்கு அறிகுறிம்பாரு, இன்னொருத்தர் உலகம் அழியப்போவுதும்பாரு, கடைசில ஒரு அண்ணாச்சி வருவாரு, "ஏ, போன மாசம்தான கடல் அரிச்சு கரைய தின்னுட்டுன்னு நியூஸ்ல போட்டான், இப்ப கடலே பின்னால போவுது, அப்ப அதெல்லாம் பொய்யாவே?"ன்னு கேப்பாரு.

எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணுவாங்க, ஆனா உண்மையில அந்த குரூப்லயே உருப்படியான கேள்வி அதுதான். ஏன்னா அவர் கேக்கது என்னன்னா, கரை எங்க இருக்குன்னு யாரு முடிவு பண்ணுதா, எந்த நேரத்துல பார்த்து முடிவு பண்ணுதாங்கன்னு. கடற்கரையை சர்வே பண்ணி மேப் போடுதவங்க முதல்ல தலையப் பிச்சுக்கிடதும் இந்த எடத்துலதான்.

இந்த விஷயத்தப் பத்தி நம்ம பக்கம் பேச்சு நெறைய இருக்கு, தெளிவு கம்மி. "கூகுள் மேப்ல எல்லாம் இருக்கே, இன்னும் என்னத்த சர்வே", "வெறும் மணலுக்கு எதுக்கு மேப்பு", "சேட்டிலைட்ட வச்சு ஒரு நாள்ல முடிச்சிரலாம்லா", இப்படி. நான் இதுல படிச்சுப் பட்டம் வாங்கினவன் கிடையாது. ஒரு கரையோரக் கணக்கெடுப்புக்கு டேப் பிடிக்க, குச்சி நட, பேர் எழுதன்னு ஒத்தாசைக்குப் போனவன், அவ்வளவுதான். அங்க புரிஞ்சத புரிஞ்ச மாதிரி சொல்லுதேன்.

முதல்ல பட்டா வேற, அடங்கல் வேற

வயக்காடு வச்சிருக்கவங்களுக்கு இது ஈசியா பிடிபடும். நம்ம நிலத்துக்கு பட்டா இருக்கு, சர்வே நம்பர் இருக்கு, புலப்படம் இருக்கு. புலப்படத்துல என்ன இருக்கும்? நாலு பக்கக் கோடு, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர், எங்க கல்லு நட்டிருக்கு. அந்த நிலத்துல வாழை நிக்கா நெல்லு நிக்கா, பாதி தரிசா கிடக்கான்னு அதுல ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் அடங்கல். விஏஓ பசலிக்குப் பசலி, அதாவது வருவாய்த்துறை வருஷக்கணக்குப்படி, எந்த சர்வே நம்பர்ல என்ன பயிரு, எவ்வளவு பரப்புன்னு எழுதுத கணக்கு.

கூகுள் மேப்ல நீங்க பாக்கது புலப்படம் மாதிரி. நீலமா கடல், வெளிர் மஞ்சளா மணல், நடுவுல ஒரு கோடு. பாதுகாப்புக்காகப் போடுத மேப்பு அடங்கல் மாதிரி. இந்த 200 மீட்டர்ல அடப்பங்கொடி, இதுக்கு மேல ராவணன் மீசைப் புல்லு படர்ந்த மணல்மேடு, அங்க பாறை, இங்க கழிமுகத்துச் சேறு, அதுல அலையாத்தி மரம், இந்த மணல்ல ஆமை முட்டை இடுது. ஒரு உயிரு தங்கி, தின்னு, குஞ்சு பொரிச்சு வாழத் தோதான எடத்துக்கு வாழிடம்னு பேரு. அந்த வாழிடங்கள ஒவ்வொண்ணா பிரிச்சு, எல்லை போட்டு, பரப்பு கணக்குப் பண்ணி வரையுததுதான் வாழிட வரைபடம்.

நம்மாளுக்கு இது ஒண்ணும் புதுசில்ல பாத்துக்கோங்க. நெய்தல்னு ஒரே பேரா நாம ஸ்கூல்ல படிச்சிட்டு வந்துட்டோம், ஆனா சங்கப்பாட்ட எடுத்துப் பாத்தா கரையோரத்துச் சோலைக்கு கானல், உப்புத்தண்ணி உள்ள ஏறி நிக்கிற எடத்துக்கு கழி, அலை கொண்டாந்து குமிச்ச மணலுக்கு எக்கர்னு தனித்தனியா வார்த்தை கிடக்கு. அடும்புக்கொடி அப்பயே பாட்டுக்குள்ள இருக்கு, நாம இப்ப அடப்பங்கொடிங்கோம். அந்தக் காலத்துல வாயால பிரிச்சத இப்ப அளவோட பிரிக்கணும், அம்புட்டுதான் வித்தியாசம்.

கோடு எங்க?

இப்ப அண்ணாச்சி கேள்விக்கு வருவோம். கடல் தண்ணி தினமும் ஏறி இறங்குது. நம்ம பக்கம் ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், தினமும் சுமாரா 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை பௌர்ணமிக்கு சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில நின்னு இழுக்கதால ஏத்தமும் கூட, வத்தமும் கூட. அஷ்டமி பக்கத்துல ரெண்டும் குறுக்க நின்னு இழுக்கும், அதனால தண்ணி பெருசா அசையாது. இந்த ஏத்த இறக்கத்துக்குப் பேருதான் ஓதம்.

குஜராத்துல பவநகர் பக்கம் ஓதம் 10 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். நம்ம மன்னார் வளைகுடாவுல ஒரு மீட்டருக்குள்ளதான். ஒரு மீட்டர் கூட இல்லையா, அப்ப எப்படி 100 அடி உள்வாங்கும்னு கேக்கியளா? கணக்குப் போட்டுப் பாருங்க. கரை சப்பையா இருக்குன்னு வைங்க, 50 மீட்டர் நடந்தா ஒரு மீட்டர் பள்ளம். தண்ணி மட்டம் செங்குத்தா 60 சென்டிமீட்டர் இறங்குனா, படுக்கைவாட்டுல 30 மீட்டர் பின்னால போயிரும். 30 மீட்டர்னா 98 அடி. வீடியோல சொன்ன 100 அடி வந்துட்டா? நம்ம முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் தண்ணி வத்துனதுதான் ஊரையே கலக்குத நியூஸ் ஆவுது. ஆறு மணி நேரம் பொறுத்துப் போய்ப் பார்த்தா பாறை மூழ்கிக் கிடக்கும், ஆனா அந்த வீடியோவ யாரும் எடுக்க மாட்டான்.

அப்போ கரைக்கோட்ட எந்த எடத்துல போடுதது? வத்துனப்ப போடுதவனுக்கு ஒரு ஊரு, ஏறுனப்ப போடுதவனுக்கு இன்னொரு ஊரு. இந்தச் சண்டைய தீக்கத்தான் சட்டத்துல உயர் ஓதக் கோடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பெரிய ஓதம் வார நாள்ல தண்ணி நிலத்துப் பக்கம் அதிகபட்சமா எதுவரைக்கும் தொடுதோ, அந்தக் கோடு. அதக் கரையில நின்னே ஓரளவு கண்டுபிடிக்கலாம், பாசி, சிப்பி, குச்சி, பிளாஸ்டிக்குன்னு அலை ஒதுக்கிவிட்ட குப்பை ஒரு வரிசையா கிடக்கும், அதுக்கு மேல செடி ஆரம்பிக்கும். ஆனா கண்ணால பாத்தது மட்டும் பத்தாது, மணல்மேட்டோட அடிவாரம், செடி ஆரம்பிக்கிற எடம், ஓதத்தோட அளவுன்னு எல்லாத்தையும் சேத்துத்தான் குறிக்காங்க.

இதுவரைக்கும் சொன்னத ஒரு மூச்சுல சொன்னா: கரைங்கது கோடு இல்ல, தினமும் தண்ணி போய் வார ஒரு பட்டை. அந்தப் பட்டைல எந்த எடத்த கோடுன்னு வைக்கோம்ங்கது நாமளா எடுக்கிற முடிவு. அந்த முடிவ முதல்லயே எழுதி வைக்காட்டா ரெண்டு மேப்ப ஒப்பிடவே முடியாது.

பட்டைக்குள்ள எத்தனை வீடு

இப்ப அந்தப் பட்டைய கடல்ல இருந்து மேல ஏறிப் பார்ப்போம். மணப்பாடோ உவரியோ பெரியதாழையோ, ஏதாவது ஒரு கரைய மனசுல வச்சுக்கோங்க. 1986ல தூத்துக்குடி திருநெல்வேலிய விட்டு தனி மாவட்டமா பிரிஞ்சதால இதுல சிலது அந்தப் பக்கம், சிலது இந்தப் பக்கம், ஆனா மணலுக்கு அந்தக் கதை தெரியாதுலா.

அலை அடிச்சு அடிச்சுப் போற ஈர மணல் முதல்ல. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், கால் பெருவிரலால ஒரு இழு இழுத்தீங்கன்னா பொடிச்சிப்பியும் புழுவும் கிடக்கும், சின்னச் சின்னப் பறவைக அலைக்கு முன்னாலயும் பின்னாலயும் ஓடி ஓடிக் கொத்துததே அதத்தான். அதுக்கு மேல காய்ஞ்ச மணல், நண்டு வளை. அதுக்கு மேல அடப்பங்கொடி, ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ. இந்தக் கொடிதான் பறக்கிற மணலப் பிடிச்சு நிறுத்துத முதல் ஆளு. அதுக்குப் பின்னால ராவணன் மீசை, காலுல குத்தும், முள்ளுப்பந்து மாதிரி அதோட கதிரு காத்துல உருண்டு ஓடும், நாங்க சின்னப்பிள்ளைல அது பின்னாலேயே ஓடுவோம். இது ரெண்டும் பிடிச்சு வச்ச மணல்தான் வருஷக்கணக்குல மேடா உசந்து நிக்கி. அந்த மேடு புயலுக்கு ஊருக்கு முன்னால நிக்கிற சுவரு.

பாறைக்கரைன்னா கதை வேற. திருச்செந்தூர் பாறையில வத்தம் அன்னைக்குப் போய் உத்துப் பாருங்க, மாடிப்படி மாதிரி இருக்கும். எப்பயும் காய்ஞ்சு கிடக்கிற உச்சில ஒண்ணும் இருக்காது, நடுவுல சொரசொரன்னு ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கிற உயிருக, கீழ வழுக்குத பச்சைப்பாசி. எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள, எவ்வளவு நேரம் வெயில்லங்கது வச்சுத்தான் எந்தப் படியில யாரு குடியிருக்கதுன்னு தீர்மானம் ஆவுது. சர்வே பண்ணுதவங்களுக்கு அந்த வத்தம் நேரம் தங்கம் மாதிரி, ஓத அட்டவணைய பாத்து காலைல 4 மணிக்கெல்லாம் எழுப்பி விட்டுருவாங்க.

கழிமுகம் இன்னொண்ணு. தாமிரபரணி பொதிகையில இறங்கி, நம்ம ஊரெல்லாம் சுத்தி, புன்னக்காயல்ல கடல்ல சேருது. அங்க நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குது, சேறு படியுது, அலையாத்தி மரம் நிக்கி, அதோட வேரு சேத்துல இருந்து குச்சி குச்சியா மேல நீட்டிக்கிட்டு மூச்சு விடும். மீன் குஞ்சு, இறால் குஞ்சுக்கெல்லாம் அந்த வேருச் சந்துதான் பால்வாடி.

கடலுக்குள்ள கடல்புல்லு, பவளப்பாறை எல்லாம் இருக்கு. அதுக்கு முக்குளிச்சுப் பாக்க ஆள் வேணும், போட்டு வேணும், அது தனிக்கதை, இங்க அதத் தொடல.

மணல் எத்தனை பெருசா தெரியணும்: ஸ்கேல் சமாச்சாரம்

இந்தியாவோட கடற்கரை நீளம் 7,516 கிலோமீட்டர்னு நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுனோம்லா. இப்ப மத்திய அரசு அத 11,098 கிலோமீட்டர்னு மாத்திட்டு. உடனே சில பேரு "நாடு பெருசாயிட்டு"ன்னு போஸ்ட் போட்டான், சில பேரு "கடல் ஏறி வளைச்சு வளைச்சு அரிச்சுட்டு, அதான்"ன்னான். ரெண்டும் தப்பு. ஒரு அடி நிலம் கூட அதுக்காக மாறல, அளந்த விதம்தான் மாறுச்சு.

ஒரு கைமுறுக்க எடுத்துக்கோங்க. அதோட வெளி ஓரத்த ஒரு அடிஸ்கேல வச்சு சுத்தி அளந்தா ஒரு நீளம் வரும். ஒரு நூல எடுத்து அந்தப் பிரி பிரியா சுத்தியிருக்கிற ஒவ்வொரு நெளிவுக்குள்ளயும் விட்டு அளந்தா? ரெண்டு மடங்கு கூட வரலாம். முறுக்கு அதேதான். பழைய கணக்கு 1970கள்ல 1:45,00,000 ஸ்கேல் மேப்புல எடுத்தது, அதாவது மேப்புல ஒரு மில்லிமீட்டர்னா தரையில நாலரை கிலோமீட்டர். புதுசு 1:2,50,000, ஒரு மில்லிமீட்டருக்கு 250 மீட்டர். நெளிவு சுளிவு, கழி, முகத்துவாரம் எல்லாம் இப்ப கணக்குல வந்துட்டு. தரையில உள்ள தூரம் மேப்புல எத்தனை பங்கா சுருங்கியிருக்குங்கதுதான் ஸ்கேல்.

மணப்பாடுல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கே மணல்முனை, அது பழைய ஸ்கேல்ல ஒரு பேனா புள்ளிக்குள்ள அடங்கிரும். அடப்பங்கொடி பட்டை 8 மீட்டர் அகலம்தான் இருக்கும், அது 1:25,000 மேப்புல ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு, கோட்டோட கனமே அதுக்கு மேல இருக்கும். அப்ப அந்தப் பட்டை மேப்புல இல்ல. மேப்புல இல்லன்னா ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாக்கிறவருக்கு அது உலகத்துலயே இல்ல. அடங்கல்ல தரிசுன்னு எழுதிட்டா அங்க நிக்கிற வாழைக்கு புயல் நிவாரணம் கிடைக்குமா? அதே கதைதான்.

மேல இருந்து பாக்கது

இப்ப சேட்டிலைட். எல்லாரும் நினைக்கிற மாதிரி அது மேல இருந்து போட்டோ எடுக்கது மட்டும் இல்ல. நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது பிடிக்கும். சிவப்பு நிறத்துக்கு அடுத்தாப்ல, கண்ணு நிக்கிற எடத்துக்கு வெளிய இருக்கிற ஒளி. இதுல ரெண்டு விஷயம் நமக்குத் தோது. தண்ணி இந்த ஒளிய குடிச்சிரும், அதனால படத்துல கடல் கன்னங்கரேல்னு தெரியும். பச்சை இலை அத அப்படியே திருப்பி அடிக்கும், அதனால செடி இருக்கிற எடம் பளிச்சுன்னு தெரியும். தண்ணி எங்க முடியுது, செடி எங்க ஆரம்பிக்குதுன்னு ரெண்டையும் கம்ப்யூட்டரே பிரிச்சிரும்.

ஆனா படம் சின்னச் சின்னக் கட்டமா இருக்கும், ஒரு கட்டத்துக்குப் பேரு பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரே நிறம்தான். லேண்ட்சாட்னு அமெரிக்கக்காரன் விட்ட சேட்டிலைட்டுல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நம்ம கணக்குல 22 சென்ட். அந்த 22 சென்டுல கொஞ்சம் மணல், கொஞ்சம் கொடி, ஒரு ஓலைக்கொட்டகை, நாலு வள்ளம் எல்லாம் இருந்தாலும் மொத்தமா கலக்கி ஒரே நிறம். ஐரோப்பாக்காரன் விட்ட சென்டினல்-2ல கட்டம் 10 மீட்டர், ரெண்டரை சென்ட், பரவால்ல. ட்ரோன் பறக்கவிட்டா சென்டிமீட்டர் கணக்குல தெரியும், ஆனா ஒரு நாளைக்கு ஒரு ஊருக்கரைய முடிக்கதே பெருசு, காத்தடிச்சா அதுவும் இல்ல, அனுமதி வாங்க அலையணும்.

பெரிய தொல்லை என்னன்னா, மேல இருந்து பாத்தா ரெண்டு வேற வேற சாமான் ஒரே மாதிரி தெரியும். நம்ம பக்கம் இதுக்கு நல்ல உதாரணம் சீமை உடை, சீமைக்கருவேலம்ங்கோம்லா அதுதான். உப்பளத்து ஓரம், கழி ஓரம்னு எங்க பாத்தாலும் மண்டிக் கிடக்கும். அகச்சிவப்பு படத்துல செடிய சிவப்பு நிறத்துல காட்டுவாங்க. அலையாத்தியும் சிவப்பு, சீமை உடையும் சிவப்பு. ஆபீஸ்ல ஏசில உக்காந்து கலர் அடிச்சா, விறகுக்கு வெட்டுத உடங்காட்ட சட்டப் பாதுகாப்பு உள்ள அலையாத்திக் காடுன்னு போட்ருவான், அதவிட மோசமா நிஜ அலையாத்திய உடங்காடுன்னு போட்ருவான்.

கால் நடையா பாக்கது

அதனாலதான் இறங்கி நடக்கணும். மேப்புல இது அலையாத்தின்னு போட்ட எடத்துக்கு நேர்ல போயி, ஆமா இல்லன்னு பாத்து எழுதுததுக்கு கள சரிபார்ப்புன்னு பேரு. பேப்பர் திருத்துத மாதிரிதான். 100 எடத்த முன்னாலயே குறிச்சு வச்சுக்கிட்டு, ஜிபிஎஸ்ஸ பிடிச்சு அங்க போயி நிக்கணும். அந்த எடத்துக்கு ரோடு இல்ல, சேறு, நாய் துரத்துதுன்னு பக்கத்து எடத்த எழுதப்படாது. எங்க செட்டுல ஒரு பையன் அப்படித்தான் பைக் போற எடத்துல மட்டும் எழுதிக்கிட்டு வந்தான், ரோட்டோரத்துல எல்லாமே சீமை உடைதான் இருக்கும், அவன் நோட்டப் பாத்தா கரை பூரா உடங்காடு.

100ல 85 சரின்னு வந்தா நல்ல மார்க்குதான். ஆனா தப்பான 15 எதுல வந்துச்சுன்னு பாக்கணும். தப்பு பூரா அலையாத்தியிலயே விழுந்திருந்தா, எதுக்காக மேப்பு போட்டோமோ அதுலயே கோட்ட விட்டாச்சு, மொத்த மார்க்க வச்சு என்ன செய்ய?

உள்ளூர்ல ஒவ்வொரு எடத்துலயும் என்னென்ன இருக்குன்னு எண்ணணும்னா கடல்ல இருந்து நிலத்துப் பக்கம் நேரா ஒரு கயித்த கட்டுவாங்க, அதுக்கு டிரான்செக்ட்னு பேரு. கயித்து மேல குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவ, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிவிசி பைப்ல செஞ்ச சதுரச் சட்டத்த போட்டு, சட்டத்துக்குள்ள எத்தனை செடி, எத்தனை நண்டு வளை, எவ்வளவு வெறும் மணல்னு எண்ணுவாங்க. சட்டத்துக்குப் பேரு குவாட்ராட். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்கத கொஞ்சம் ஒழுங்கா, நாலு எடத்துல அமுக்கிப் பாக்க மாதிரி செய்யுததுதான் இது. நல்ல செடி இருக்கிற எடமா பாத்து சட்டத்த போடணும்னு கை பரபரக்கும், போடப்படாது, கயித்துல எங்க வருதோ அங்கதான்.

கரை எவ்வளவு சரிவுன்னு அளக்க எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு, செலவே இல்ல. ஒரே உயரத்துல ரெண்டு குச்சி, நடுவுல ஒரு கயிறு. மேட்டுல ஒரு ஆளு, கடல் பக்கம் ஒரு ஆளு, ரெண்டு பேரும் குச்சிய நேரா பிடிக்கணும். மேட்டுல இருக்கிறவரு, கடல் பக்கக் குச்சியோட நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டுல வார மாதிரி கண்ண இறக்கிப் பாக்கணும். அந்தப் பார்வை தன் குச்சியில நுனிக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழ வருதோ, அதுதான் ரெண்டு எடத்துக்கும் உள்ள பள்ளம். அப்படியே கயிறு கயிறா கடல் வரைக்கும் இறங்கிப் போனா கரையோட முழு வெட்டுமுகமும் பேப்பருக்கு வந்துரும். கடல்ல தொடுவானம்ங்க மட்டப்பலகைய அந்தக் கடவுளே இலவசமா குடுத்திருக்காரு. எமரிங்க கடல் ஆராய்ச்சியாளர் 1961ல எழுதிவச்ச முறை இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே செய்யலாம்.

நடந்தா மட்டும் எல்லாம் தெரிஞ்சிருமான்னா அதுவும் இல்ல. ஒரு நாள் மத்தியானம் ஒரு மணல்பட்டைல சட்டம் போட்டேன், செடி இல்ல, வளை இல்ல, நோட்டுல வெறும் மணல்னு எழுதுனேன். பக்கத்துல வலைய பொத்திக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு எட்டிப் பாத்துட்டு, "என்னடே தம்பி எழுதுத?"ன்னாரு. சொன்னேன். "வெறும் மணலா, ஏ, இது பங்குனி ஆமை ஏறுத எடம்லா, தை மாசி ராத்திரி வந்து பாரு"ன்னாரு. பங்குனி ஆமை இருட்டுல ஏறி, உயர் ஓதக் கோட்டுக்கு மேல காய்ஞ்ச மணலாப் பாத்து குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு மூடிட்டுப் போயிரும், விடியறதுக்குள்ள தடம் மட்டும்தான் இருக்கும், வெயில் ஏறி காத்து அடிச்சா அதுவும் போச்சு. சேட்டிலைட்டுக்கும் தெரியாது, மத்தியானம் போன எனக்கும் தெரியாது. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் விடியக்காலம் நடந்து தடம் பாத்து புள்ளி வச்சாத்தான் அந்த வீடு மேப்புக்குள்ள வரும். அன்னைக்கு எழுதுன பக்கத்த அடிச்சிட்டு ஓரத்துல "கேட்டு எழுதவும்"னு குறிச்சேன்.

இந்த ரெண்டு தலைப்பையும் சேத்து சுருக்கமா: மேல இருந்து பாத்தா அகலம் கிடைக்கும், நடந்து பாத்தா நெசம் கிடைக்கும், கரையிலேயே இருக்கிறவங்க கிட்ட கேட்டாத்தான் எந்த மாசம் எந்த நேரம்ங்கது கிடைக்கும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் மேப்பு நொண்டும்.

ஒரு படம் பத்தாது

கரை நகர்ந்துக்கிட்டே இருக்கிற சாமான். கொற்கைய நினைச்சுப் பாருங்க, பாண்டியன் முத்துத் துறைமுகம். இப்ப கடலப் பாக்கணும்னா அங்கருந்து 6, 7 கிலோமீட்டர் போவணும், துறைமுகம் இருந்த பக்கம் வாழையும் நெல்லும். ஆத்து வண்டலும் கடல் விலகுனதும் சேந்து செஞ்ச வேலை அது. எதிர்ப்பக்கமும் நடக்கு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல 21 தீவுன்னு கணக்கு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிட்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்தது அதுல ஒரு முக்கியமான காரணம், முன்னால இருந்த தடுப்பு போனா அலை நேரா தீவு மேலதான அடிக்கும். தூத்துக்குடிக்கு எதிர்ல வான் தீவு சுருங்கிக்கிட்டே வந்து, கடைசில செயற்கைப் பாறைகள கடல்ல இறக்கி அலையத் தடுத்து வச்சிருக்காங்க.

ஆனா நகர்ந்துச்சுன்னு சொல்லணும்னா ஒரே மாதிரி எடுத்த ரெண்டு படம் வேணும். ஆடிக்காத்துல எடுத்த படத்தையும் பங்குனில எடுத்த படத்தையும் பக்கத்துல வச்சு, "பாத்தியா எவ்வளவு அரிச்சிட்டு"ன்னு போடுதாங்க பாருங்க, அது ஏமாத்து, தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும். தென்மேற்குக் காத்து காலத்துல அலை மணல வடக்க தள்ளும், வாடைக் காலத்துல தெக்க தள்ளும், ஒரே வருஷத்துல கரை மெலிஞ்சு திரும்ப சதை பிடிக்கும். அதே மாசம், அதே ஓதம், அதே கோட்டு விளக்கம், பல வருஷம், அப்பத்தான் நம்பலாம். சென்னையில இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990ல இருந்து 2018 வரைக்கும் உள்ள படங்கள வச்சு கணக்குப் பாத்ததுல, நாட்டோட பெருநிலக் கரையில 33.6 சதவீதம் அரிக்குது, 26.9 சதவீதம் வளருது, மிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கு. வளருததும் இருக்குங்கத யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க.

தூண்டில் வளைவு விஷயமும் இங்கதான் வருது. கரையில இருந்து கடலுக்குள்ள கல்லப் போட்டு நீட்டுத சுவரு. போட்ட ஊருல ஒரு பக்கம் மணல் சேரும், சந்தோஷம். அந்த மணல் வேற எங்கயோ போவ வேண்டியதுலா? அடுத்த ஊருக்குப் போவ வேண்டிய மணல இங்க பிடிச்சு வச்சாச்சு, அங்க அரிக்கும், பிறகு அவனும் தூண்டில் வளைவு கேப்பான், நியாயம்தான அவனுக்கும். வீடு இடியுத ஆளுகிட்ட போயி தூண்டில் வளைவு வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனா பத்து ஊருக்கரையையும் சேத்து மேப்பு போடாம ஒரு ஊரு படத்த மட்டும் வச்சு முடிவு எடுத்தா என்ன நடக்கும்னு நம்ம கரையே காட்டிக்கிட்டு இருக்கு.

மேப்பு கையில இருந்தா என்ன ஆவும்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்னு ஒரு அறிவிக்கை இருக்கு, 1991ல முதல்ல வந்துச்சு, 2011லயும் 2019லயும் மாத்துனாங்க. உயர் ஓதக் கோட்டுல இருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரைக்கும் அதோட கையில. அந்த அறிவிக்கையில அலையாத்தி, மணல்மேடு, பவளப்பாறை, கடல்புல்லு, ஆமை முட்டை இடுத எடம், சேத்துவெளி எல்லாம் ரொம்பக் கறாரான பிரிவுல வரும். இப்ப முன்னால படிச்சத சேத்துப் பாருங்க. கோட்ட 30 மீட்டர் தள்ளிப் போட்டா 500 மீட்டரும் தள்ளிப் போயிரும். மணல்மேட்ட வெறும் மணல்னு போட்டா அந்தக் கறார் பிரிவே பொருந்தாது. சட்டம் நல்லா இருக்கா இல்லையாங்க சண்டைக்கு முன்னாலயே, மேப்புலயே பாதி முடிஞ்சிருது.

இன்னொரு உபயோகம் விபத்துக்கு. 2017 ஜனவரியில எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, ஆளுக வாளியால அள்ளுனது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல எந்தக் கரைய முதல்ல காப்பாத்தன்னு யோசிக்க நேரம் இருக்காது. அலை மோதுத பாறையில ஒட்டுன எண்ணெய அலையே கொஞ்சம் கொஞ்சமா கழுவிரும், அலையாத்தி வேருக்குள்ள போனா வருஷக்கணக்கா இருக்கும். கழிமுகத்து வாயில முதல்ல தடுப்பு போடணும்னு மேப்பு முன்கூட்டியே சொல்லியிருக்கணும்.

இந்த மண்டலத்து வரைவு மேப்ப மாவட்டத்துல சனங்க கருத்துக்கு வைக்கணும்ங்கது விதி. பொதுவா 1:25,000ல இருக்கும், உள்ளூர் தேவைக்கு சர்வே நம்பரோட 1:4,000ல. அது வாரப்ப அண்ணாச்சி உட்பட எல்லாரும் போயிப் பாருங்க. எந்த மாசம் எந்த வருஷத்துப் படத்த வச்சுப் போட்டதுன்னு முதல்ல கேளுங்க. பிறகு ஸ்கேலப் பாருங்க. அதுக்குப் பிறகு ஓரத்துல கட்டம் கட்டமா எந்த நிறம் எதுக்குன்னு போட்ருப்பாங்க, அதுல நம்ம ஊருல இருக்கிற சாமானுக்கெல்லாம் நிறம் இருக்கான்னு பாருங்க. மீனவர் ஊரு, மீனவங்களுக்குப் பொதுவான எடம், மீன் காயப்போடுத எடம் எல்லாத்தையும் காட்டணும்னு 2011 அறிவிக்கையிலேயே இருக்கு. நான் பாத்த ஒரு படத்துல எங்க பக்கத்து ஊரு வலை காயப்போடுத மணலுக்கு தரிசுன்னு நிறம் அடிச்சிருந்துச்சு. அந்த ஊர்க்காரங்க சர்வே நம்பரோட மனு எழுதிக் கொடுத்தாங்க, கூடவே போன் ஜிபிஎஸ்ல எடுத்த 14 புள்ளி, ஆமைத்தடம் போட்டோ 3. நகல் ஒண்ணு என் பீரோவுல கிடக்கு, திருத்துன படம் இன்னும் வரல.